ஜெசி நெத்தியில நாமம்

5, வெள்ளி

விடியவே சாரல். ரெண்டு நாளா துவைச்ச துணி ஒண்ணும் காயல்ல. வீட்டுக்காரரு ரப்பர் வெட்டப் போகல்ல, மரம் நனைஞ்சு கிடக்கு. கட்டன்சாயாவும் பேப்பருமா வீட்டுலயே உக்காந்திருக்காவ.

வார்டு மெம்பர் எலக்ஷனுக்கு நிக்கவங்க லிஸ்ட் பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒட்டியாச்சு. பெண்கள் வார்டு. ரெண்டே பேரு. நான், ஜெசி.

கருங்கல் பள்ளிக்கூடத்துல நானும் ஜெசியும் ஒரே பெஞ்சு. பதினாறு வருஷம் குவைத்துல நர்ஸா இருந்தா. திரும்பி வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல்ல. (இனி ஜெ. போதும். முழுப்பேரு எழுத கை வரல்ல.)

மகளிர் குழுவ பன்னெண்டு வருஷமா நடத்துறது நான். குழாய் உடைஞ்சா நான். முதியோர் பென்ஷன் மனுவா, நான். தெருவிளக்குக்கு தக்கலைக்கு எத்தன தடவ பஸ் ஏறியிருப்பேன். அவ என்ன செய்தா? வீட்டுக்கொரு குப்பி தலைவலித் தைலம் கொடுத்தா.

குழாயடியில சரோஜம் அக்கா பேச்சு. ஜெ. சபையில வீட்டு ஜெபம் நடத்துறது இந்த அக்காதான். "சுசீலா நல்ல பிள்ளதான். ஆனா நம்ம ஜெசி ஜெபிக்கிற பிள்ளல்லா. ஜெபிக்கிறவ பொய் சொல்லமாட்டா."

நான் குடத்தோட பின்னாலதான் நிக்கேன்.

அப்ப நான் பொய் சொல்லுவேனா? கும்பிடுற சாமியப் பாத்தா வோட்டுப் போடுறது? குழாய் உடைஞ்சா ஜெபமா வந்து அடைக்கும்? வெப்ராளத்துல பாதிக்குடம் தண்ணியோட வந்துட்டேன்.

இவியகிட்ட சொல்லித் தீர்த்தேன். பேப்பர்லருந்து கண்ண எடுக்காம கேட்டாவ: "நம்ம தாங்கல்ல கும்பிட வந்தவிய, 'சுசீலா அய்யாவழிப் பிள்ள, அவளுக்குத்தான் போடணும்'னு பேசினாவளே. அப்ப நீ சிரிச்சிட்டுல்லா நின்ன?"

அது வேற. இது வேற.

எப்படி வேறன்னு யோசிச்சிட்டே நின்னதுல சோறு குழைஞ்சுபோச்சு.

6, சனி

வாங்க: உளுந்து, கருப்பட்டி, சோப்பு, நோட்டீஸ் ஒட்ட மைதா.

ஜெ. ஸ்கூட்டர்ல வீடுவீடா. வயசானவங்களுக்கு பிரஷர் பாக்காளாம். வழியில இவியளையும் நிறுத்தி பாத்தாளாம். வந்து சொல்லுதாவ: "நல்ல கைராசி. வலியே தெரியல்ல."

சவம்! பிரஷர் பாக்கிறதுல என்ன வலி?

மத்தியானம் மீன்குழம்புல உப்பு போடல்ல. வேணும்னுதான். ஒண்ணும் சொல்லாம தின்னுட்டு எழும்பிட்டாவ, அது இன்னும் எரிச்சல்.

7, ஞாயிறு

நல்ல வெயில். தாங்கல்ல மத்தியான வழிபாடு, உச்சிப்படிப்பு. பாதியில வாசல்ல யாருன்னு பாத்தா ஜெ. காலையில சர்ச்சுக்குக் கட்டின அதே வெள்ளச் சேல. வோட்டுக் கேக்கத்தான் வந்திருக்கா, பின்ன எதுக்கு? ஆனா செருப்ப தள்ளிக் கழத்திட்டு வந்து பெண்கள் வரிசையில கடைசியா நின்னா.

உள்ள எங்களுக்கு சிலை கிடையாது, கண்ணாடிதான். அவ அதையே பாத்துட்டு நின்னா. பணிவிடை செய்ற மாமாகிட்ட மெதுவா கேட்டா: "மாமா, இதுல எனக்க முகம்தானே தெரியுது?"

"அதான் மக்கா. உனக்குள்ளயும் அய்யா இருக்காருன்னு அர்த்தம்."

அவ கண்ணு நிறைஞ்சுபோச்சு. நடிப்பு இல்ல. எனக்குத் தெரியும், எட்டாங்கிளாஸ்லயும் இவளுக்கு இப்படித்தான் கண்ணு நிறையும். அந்தக் கண்ணாடிய நான் சின்னப்பிள்ளையிலருந்து பாக்கேன். தல கலைஞ்சிருக்கான்னுதான் பாத்திருக்கேன். அந்த நேரம் வந்த எரிச்சல் இருக்கே, வோட்டுக்காக வந்தது இல்ல.

மாமா நாமம் இட வந்தப்ப வேண்டாம்பான்னு எல்லாரும் நினைச்சோம். குனிஞ்சு நெத்திய காட்டினா. வெள்ள வெளேர்னு மேலநோக்கி ஒரு கோடு. சனியன், அவளுக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

எங்ககூட பந்தியில உக்காந்து சோறு தின்னா. ரெண்டு மணிக்கு திடீர்னு துள்ளி எழும்பினா. "அய்யோ, ரெண்டரைக்கு சரோஜம் அக்கா வீட்டுல ஜெபம். மறந்தே போச்சு." ஓடி ஸ்கூட்டர் ஏறினா. நெத்தியில நாமம் அப்படியே. அவிய சபையில பெண்கள் பொட்டே வைக்கமாட்டாவ.

நான் பாத்தேன். நாக்கு நுனிவரை வந்துச்சு. ஏட்டி, நெத்திய துடைச்சிட்டுப் போ. அவளே ஒரு நிமிஷம் வண்டிய நிறுத்தினா.

"என்ன சுசீலே, முகம் ஒருமாதிரி இருக்கு. என்னமும் சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்ல பிள்ளே. பாத்துப் போ."

போயிட்டா.

8, திங்கள்

காலையிலயே சரோஜம் அக்கா எங்க வீட்டுக்கு வந்தாச்சு. நின்னநிலையில மூச்சு வாங்க வாங்க சொன்னா. பாட்டு பாதியில நின்னுபோச்சாம். "இது என்ன பிள்ளே நெத்தியில?"ன்னு அக்கா கேட்டாளாம். ஜெ. நெத்திய தொட்டு கைய பாத்தாளாம். பிறகு, "தாங்கல்ல மரியாதையாட்டு இட்டுவிட்டாவ அக்கா. அழிக்க மனசு வரல்ல"ன்னாளாம். அப்படியே உக்காந்து ஜெபம் முடிச்சிட்டுத்தான் போனாளாம்.

"எங்க சபை வீடு ஒண்ணும் அவளுக்குப் போடாது. உனக்குத்தான் சுசீலா. நீ உனக்க சாமிய கும்பிட்டுட்டு உனக்க பாட்டுக்கு இருக்க. ரெண்டு தோணியில கால் வைக்க மாட்ட."

சந்தோஷமா இருந்துச்சு. எழுதுறதுல என்ன, யாரு பாக்கப்போறா. ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. பால்பாயசம் வைக்கலாமான்னுகூட நினைச்சேன்.

சாயங்காலம் கடைக்குப் போற வழியில தாங்கல் மாமா. "கோவிக்காத மக்கா. அந்தப் பிள்ள நாமத்த அழிக்காம அவிய ஜெபத்துலயே போய் இருந்திருக்கு. அப்படி ஒரு தைரியம் நம்ம ஆளுகளுக்கே வராது. நம்ம வீடுக நிறைய இந்தத் தடவ அவளுக்குத்தான்."

எனக்க ஆளு அவளுக்கு. அவளுக்க ஆளு எனக்கு. நல்ல கூத்து!

அவ மறந்துதான் போனான்னு எனக்கு மட்டும்தான் தெரியும். ஜெபிக்கிறவளும் பொய் சொல்லுவா, சரோஜம் அக்கா. மாமாகிட்ட ஒரு வார்த்த சொன்னா போதும், எனக்க வோட்டெல்லாம் திரும்பி வந்துரும். வாய் திறந்தேன். உடனே அவிய கேப்பாவ, "நீ பாத்தியா? பாத்துட்டு ஏன் சொல்லல்ல?"

மூடிட்டேன். கருப்பட்டி வாங்க மறந்துட்டு வந்தேன்.

13, சனி

வோட்டு. மழ. பள்ளிக்கூட முற்றத்துல ஜெ. வரிசையில எனக்கு நேர முன்னால. குடையில எனக்கும் இடம் கொடுத்தா. வேண்டாம்னேன், நனைஞ்சேன், இப்ப தும்மல்.

எனக்கே குத்தினேன். இவிய யாருக்குன்னு கேட்டேன். "ரகசிய வாக்கெடுப்பு"ன்னு சிரிக்காவ.

16, செவ்வாய்

ஜெயிச்சாச்சு. ஒம்பது வோட்டு வித்தியாசம்.

முதல் மால சரோஜம் அக்கா. "தேவன் உன்ன தெரிஞ்செடுத்தாரு"ன்னா. தாங்கல் வீடுகள்லருந்து மாமா மட்டும் வந்தாரு, தலைய தடவிட்டுப் போனாரு. குழாய்க்காக எனக்கு ஒருத்தர் போட்டிருப்பாவளா? ஒருத்தராவது?

மூணு மணிக்கு ஜெ. வந்தா. நேரா அடுக்களைக்கு, ஆள் இல்லாத இடம்பாத்து. "கொள்ளாம் சுசீலே, நல்லா ஜெயிச்ச. இனி தண்ணி வரல்லன்னா உன்னத்தான் ஏசுவேன்."

சாயா ஆத்திட்டே கேட்டேன், அடக்க முடியல்ல. "ஏட்டி, அந்த நாமம். நீ மறந்துதானே போன?"

"பின்ன? கையில வெள்ளையா ஒட்டினப்பதான் தெரிஞ்சுச்சு."

"அப்ப மறந்துட்டேன்னு சொல்லியிருக்கலாம்லா. நீதான் ஜெயிச்சிருப்ப."

"தெரிஞ்சிருந்தா வழியிலயே துடைச்சிருப்பேன்னு அத்தன பேரு முன்னால சொல்லச் சொல்லுதியா? அது மாமா காதுல விழாதா? அவிய எவ்வளவு ஆசையாட்டு இட்டாவ. வாய் வரல்ல." சாயாவ ஒரு வாய் குடிச்சா. "உன்கிட்ட கேட்டேன், நினைவிருக்கா? என்னமும் சொல்லணுமான்னு."

நான் அடுப்பு மேடைய துடைக்க ஆரம்பிச்சேன்.

"சாயா நல்லா இருக்கு"ன்னா. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல்ல. கேட்டிருந்தா சண்ட போட்டிருப்பேன், மனசு லேசாயிருக்கும். குடிச்ச தம்ளர கழுவி கவுத்துட்டுப் போனா.

ஜெயிச்சவ நான். பொறாம எனக்குத்தான். இப்பவும்.

17, புதன்

வெயில். துணி காஞ்சுச்சு.

பதவியேற்புக்கு பஞ்சாயத்து ஆபீஸ்ல பேரு கொடுக்கப் போனேன். கிளார்க் கேட்டாரு: "கடவுள் மேல ஆணையிட்டு எடுக்கியளா, இல்ல உளமாரன்னு எடுக்கியளா? எதுன்னாலும் செல்லும்."

பேனாவ பிடிச்சிட்டு நின்னேன். கடவுள்னா அந்தக் கண்ணாடி நினைவு வந்துச்சு, உளமாரன்னா ஜெ. வண்டிய நிறுத்திக் கேட்டது. பின்னால வரிசையில ஆள் நிக்கி. நாளைக்குச் சொல்லுதேன்னுட்டு வந்துட்டேன்.