உன் கையால் அளந்த ஒரு முழம்

டல்லஸ் பக்கம் நீ கட்டிய யூத ஜெப ஆலயத்தில் இன்று காலை ஈரப் பூச்சு வாசனை. கூரை ஒழுகி, முன்கூடத்துச் சுவர் ஊறிப் பூச்சு முழுக்க உதிர்ந்துவிட்டது. நீ இல்லாததால் பழுதுபார்க்கும் வேலை என் தலையில். நீ பூசாமல் விட்டிருந்த சதுரத்தின் விளிம்பு செங்கலில் கறையாக மட்டும் தெரிந்தது. பூசுகிறவர் அதைக் காட்டி, இதையும் மூடிவிடலாமா என்று கேட்டார்.

இந்த வேலை உனக்குக் கிடைத்த நாளை நான் மறக்கவில்லை. நம் ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் உனக்கு இடம் வாங்கிக் கொடுத்ததே நான்தான். இருவரும் படம் வரைந்து கொடுத்தோம். கோயில் என்றதும் என் கை தானாக வாசலைக் கிழக்கே போட்டது. அவர்களுடைய குருவான ரபீ சிரித்தார். இங்கிருந்து எருசலேம் கிழக்கே, கிழக்குச் சுவரைப் பார்த்துத்தான் தொழுவோம், அங்கே வாசல் வைத்தால் எப்படி என்றார். உன் படத்தில் வாசல் மேற்கே இருந்தது. நாலு சனிக்கிழமை அவர்கள் தொழுகைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாய். என்னிடம் மூச்சு விடவில்லை. "கங்க்ராட்ஸ்டி" என்றேன். வீடு வரும்வரை காரில் உன்னைத் திட்டித் தீர்த்தேன்.

ஒருவர் கட்டடத்தை இன்னொருவர் பார்த்துக் குறைகளை எழுதுவது நம் ஆபீஸ் வழக்கம். உன்னுடையதற்கு நானே வலியக் கேட்டுப் போனேன். குறை என்று எதுவும் அகப்படவில்லை, வாசலுக்கு எதிரே செங்கல் தெரிந்த அந்தச் சதுரத்தைத் தவிர. 'பூச்சு விடுபட்டுள்ளது' என்று எழுதி, உனக்குச் சொல்லாமல் நேரே ஆலயக் கமிட்டிக்கு அனுப்பினேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த கூட்டத்தில் ரபீ விளக்கினார். எருசலேமில் இடிந்த ஆலயத்தின் நினைவாகப் புது வீட்டில் ஒரு முழம் பூசாமல் விடுவது அவர்கள் வழக்கமாம். இங்கும் வேண்டும் என்று அவரே கேட்டாராம். பூக்காரி மாதிரி முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வைத்து நீ அளந்ததைப் பெருமையாகச் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ மட்டும் தரையைப் பார்த்தாய்.

பார்க்கிங்கில், "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி" என்றாய்.

"மெயில் அனுப்பற அவசரத்துல தோணல."

"சரி விடு. சாப்பிட்டியா?"

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் உனக்கு ரசம் ஊட்டிய கடைசி நாட்களிலும் நான் அந்த மெயிலைப் பற்றி வாய் திறக்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

இன்று ரபீயிடம் போன் பண்ணிக் கேட்டேன். "சதுரம் இருக்கட்டும், இப்போது வேலை உன்னுடையது, இந்த முறை உன் கையால் அள" என்றார் என்னிடம். இத்தனை வருஷம் கழித்து, நான் கேட்காமலே அந்த வேலை என் கைக்கு வந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு சந்தோஷமாக இருந்தது. ஏணியில் ஏறி முழங்கையைக் கறையின் ஓரத்தில் வைத்தேன். என் விரல் நுனி உன் கோட்டைத் தொடவில்லை. இரண்டு விரல் குறைந்தது. அதிலும் நீதான் கூட.

பூசுகிறவர் பென்சிலை நீட்டினார். என் முழத்தோடு இரண்டு விரல் சேர்த்துக் கோடு போட்டேன்.