யானை முகர்ந்து சொன்ன தீர்ப்பு

மழை தவறாது பொழிக. வெண்கரை நாடு நீடு வாழ்க. கோப்பெருந்தேவி நன்முகையார் திருவாய் மலர்ந்தருளியபடி, கொடுவேலிக் கோட்டை யானைப்படைத் தலைவர் வில்லவராயருக்கு அரண்மனை ஓலைநாயகம் எழுதியது. தங்கள் களிறுகளும், யானைப்பாகன் தொழில் பயிலும் இளையோர் முப்பதின்மரும் நலம் பெறுக.

கள்ளுண்ணும் இளையோரைக் கண்டறியத் தாங்கள் வகுத்த முறையைக் கேட்டு அரசியார் வியந்தார். திருவிழா முடிந்த மறுநாள் காலை, மாணாக்கர் வரிசையாக யானை வெற்றிமுகன் முன் நிற்பர். அது முகர்ந்து எவனிடமிருந்து முகம் திருப்புகிறதோ, அவன் குடித்தவன். அத்தோடு சோதனை முடியும், அன்றே அவன் வெளியேற வேண்டும். யானை பொய் சொல்லாது என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். நான்கு விழாக்களில் நால்வர் போயினர். ஐந்தாமவன் செங்கோடன், கள்ளை நாவில் வைத்ததே இல்லை என்று அழுது முறையிட்டு, பௌர்ணமி வரை தவணை பெற்றான். மெய்யறிந்து வர மருத்துவர் காரிநங்கையை அரசியார் அனுப்பினார்.

காரிநங்கைக்கு எதையும் துருவிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. வெற்றிமுகன் எவனை வெறுக்கிறது என்று எல்லோரும் பார்த்திருக்க, எவனைக் கொஞ்சுகிறது என்று அவர் பார்த்தார். கொஞ்சப்பட்டவனின் வாயை முகர்ந்தவருக்குத் தலை சுற்றியது. கொட்டிலின் பின்புறம் கள்ளுக்கலயங்கள் கிடந்தன. குடிக்கும் பிள்ளைகள் எழுவர் மிச்சத்தை யானைக்கு ஊற்றிப் பழக்கியிருந்தனர். சோதனையன்று வரிசையின் முன்னே நின்றவர்களும் அவர்களே. ஏழு முறை ஆசையாய் முகர்ந்த யானை, கள் மணக்காத எட்டாமவனிடம் ஏமாந்து முகம் திருப்பியது. பாவம், நீதிபதியே குடிகாரர்! குடியாத பிள்ளைகள் நால்வரைத் துரத்திவிட்டோமே என்று அரசியார் மனம் நொந்தார்.

பின்பு காரிநங்கை, இடம் பறிபோகாது, பெயரும் வெளியே போகாது என்று அரச மோதிரத்தின் மேல் வாக்களித்து, முப்பதின்மரையும் தனித்தனியே அழைத்துக் கேட்டார். முதலில் குடித்தது எப்போது, யாரோடு, தனியே குடித்ததுண்டா, குடித்தபின் யாரையேனும் அடித்ததுண்டா என்பனவே கேள்விகள். எழுவரும் தாமாகவே சொல்லிவிட்டனர். அறுவருக்கு அது விழாக்கால விளையாட்டு. ஒருவன் மட்டும் நாள்தோறும் தனியே குடிக்கிறான். குடிவெறியில் நண்பனின் கையை முறித்திருக்கிறான். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, யானைதான் முகர்ந்தது, மனிதர் யாரும் கேட்கவில்லையே என்றான். தன் பெயரை அரசியாருக்கும், ஓலை எழுதும் எனக்கும், தந்தைக்கும் மட்டும் சொல்லலாம் என்று அவனே இசைந்தான். அவன் தங்கள் மகன் மருதவேள்.

ஆகவே ஆணையாவது: செங்கோடன் கோட்டையிலேயே பயில்க. நால்வரையும் தாங்களே நேரில் சென்று அழைத்து வருக. வெற்றிமுகனை இப்பதவியிலிருந்தும் கள்ளிலிருந்தும் விடுவிக்க. இனி ஆண்டுக்கு இருமுறை காரிநங்கையே கேட்பார். உண்மை சொன்னவனுக்கு மருந்துண்டு, தண்டனையில்லை.

இன்னும் ஒன்று. இவ்வோலை கண்டதும் வாளையும் தலைப்பாகையையும் கழற்றி வைத்துவிட்டு, மருதவேளின் அருகில் அமர்ந்து கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை எழக் கூடாது. நாரை முத்திரை இடப்பட்டது.