புதன்கிழமை ஜெபத்தில் நான் சொன்னது

2024 மார்ச் 6, புதன்

ருக்குமணி வீட்டு ஜெபக்கூட்டத்தில் இருந்தவர்கள்: பாஸ்டர் புனிதன், ருக்குமணி, அவள் மகள் யோகேஸ்வரி, மலர், ருக்குமணி பொரித்துவைக்கும் கறிபாப்புக்காகவே வரும் சின்னக்கருப்பன், நான்.

மலர் கண்ணை மூடிக்கொண்டு, "யோகேஸ்வரிக்கு ஒரு வழியத் தொறந்து விடும் ஆண்டவரே" என்று உருகினாள்.

எந்த வழி? இவளுக்கு எப்படித் தெரியும்? அடிக்கிற புருஷனை விட்டுவிட்டு யோகேஸ்வரி ஈப்போவிலிருந்து வந்துவிட்ட கதையை எனக்கு மட்டும்தானே ருக்குமணி சொன்னாள்? அம்மாவின் முட்டிவலிக்குத் துணையாகப் போயிருக்கிறாள் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். மூன்று வயதுப் பெண்பிள்ளை இன்னும் அவனிடம் இருக்கிறது. பதினாறாம் தேதி போய், பார்க்க வந்தவள் போல இருந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். அதுவரை யாரும் மூச்சு விடக்கூடாது.

மலர் மோப்பம் பிடித்துவிட்டாள்.

மார்ச் 8, வெள்ளி

மலர் ருக்குமணிக்கு ஒரு கட்டுக் கீரை கொண்டுவந்து கொடுத்தாள். எதற்கு?

மார்ச் 10, ஞாயிறு

ஆராதனையில் மலர் கையைத் தூக்கி அழுதாள். ஒரு கண் திறந்திருந்தது. (நீ ஏன் பார்த்தாய் என்று யாரும் கேட்க வேண்டாம்.) 1998 ஈஸ்டரில் நான் பாட வேண்டிய பாட்டை, "அக்காவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு பாஸ்டர்" என்று சொல்லித் தான் பாடியவள் இவள். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது பச்சைச் சேலை, அரக்குக் கரை. எனக்குத் தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 13, புதன்

லெம்பா பெர்த்தாமிலிருந்து தனுஜா என்று புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். நல்லதாகப் போயிற்று. புது ஆள் முன்னால் சொன்னால்தான் மலருக்கு உறைக்கும்.

என் முறை வந்ததும் சத்தமாகவே ஜெபித்தேன். "புருஷன விட்டுட்டு வந்த யோகேஸ்வரி கதைய, ஜெபம்னு சொல்லி லைன் வீடு பூரா பரப்புற நாக்க நீரே கட்டும் ஆண்டவரே!"

யாரும் ஆமென் சொல்லவில்லை. சின்னக்கருப்பன் மட்டும் வாய் நிறையக் கறிபாப்போடு சொன்னான். மலர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ருக்குமணி முகமும் ஒரு மாதிரி ஆனது. அவளுக்கு என்ன?

மார்ச் 14, வியாழன்

தட்டினேன். ருக்குமணி கதவைத் திறக்கவில்லை.

மார்ச் 16, சனி

யோகேஸ்வரி ஈப்போவுக்குப் போய் வெறுங்கையோடு வந்துவிட்டாள். வீடு பூட்டிக் கிடந்ததாம். போன் போட்டால் சிரிக்கிறானாம். பிள்ளையை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டான்.

ருக்குமணி கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"அந்தத் தனுஜா எங்க மாப்ளயோட சித்தி மவ, அக்கா. அவளப் பாத்துட்டுத்தான் நான் வாயே தொறக்காம உக்காந்திருந்தேன்."

"மலருதானே மொதல்ல—"

"மலருக்கு ஒண்ணுமே தெரியாது. யோகேஸ்வரிக்கு ஓட்டல்ல வேலை கேட்டிருக்கோம், ஜெபம் பண்ணுன்னு சொன்னேன். அந்த வழியத்தான் அவ கேட்டா. மத்தத உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன், வேலாயிக்கா."

ஐயோ. என் வாயாலயா? என் வாயாலதானே.

மார்ச் 20, புதன்

கூட்டம் இல்லை. புகார் கொடுக்க யோகேஸ்வரியைப் பாஸ்டர் தானா ராத்தா போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனார். பிள்ளை இருக்கும் இடம் இன்னும் தெரியவில்லை.

மலர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல எண்ணத்துலதானக்கா சொன்னீங்க. ஆண்டவருக்குத் தெரியும்லா."

தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது. கண்ணை மூடியிருந்தேனே தவிர, அன்றைக்கு அவரிடம் நான் பேசவே இல்லை. பேசியதெல்லாம் மலரிடம். அவர் பேரைச் சும்மா முன்னால் வைத்துக்கொண்டேன்.

காரில் ஏறும்போது பாஸ்டர், "கர்த்தர் மன்னிப்பாரு, எலிசபெத்தம்மா" என்றார். அது ஞானஸ்நானத்தில் வைத்த பேர். அவரைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

எலிசபெத்தை மன்னிப்பது கர்த்தர் பாடு. என்னால் முடியாது. நான் மன்னிக்க மாட்டேன், வேலாயியை.