கடல்பக்கமும் கடைப்பக்கமும்

கவாலா, கிரீஸ்
14 அக்டோபர் 1963

என் ஒரே பிள்ளை ஆர்கிரிஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ சுகமாக இருப்பது உன் கடிதத்தைப் படித்தபோதே நன்றாகத் தெரிந்துவிட்டது, அதனால் கேட்கப்போவதில்லை.

மெல்போர்னில் ஒருத்தியைப் பார்த்துவிட்டாயாம், கிறிஸ்துமஸுக்குக் கல்யாணமாம், நீ நிச்சயம் செய்துவிட்டுப் போன எவாந்தியாவிடம் "நீங்களே பக்குவமா சொல்லிடுங்கம்மா" என்று எனக்கு எழுதுகிறாய். கை கூசவில்லையா உனக்கு? இரண்டு வருடமாகச் சாயங்காலம் தவறாமல் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு துறைமுகக் கரையில் மேலும் கீழும் நடந்தவள் நான். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் பையன்கள் பார்க்கும்படி காபிக்கடைப் பக்கம் நடப்பார்கள், நிச்சயமானவள் கடல்பக்கம் நடப்பாள், நடுவில் மாமியார் மறைத்துக்கொண்டு போவாள், இது உனக்குத் தெரியாததா? கப்பல் ஏறும் முன் நீயேதான் அவளைக் கடல்பக்கம் நிறுத்திவிட்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்றாய். பார்த்துக்கொண்டேன். கால் வீங்கிய நாளிலும் போய் நடந்தேன். சுங்க அலுவலகத்து அந்த நல்ல பையன் அவளுக்காகவே தினம் காபிக்கடையில் வந்து உட்கார்ந்தான், அவன் கண்ணில் படாமல் அவளை மறைத்தேன். போன வசந்தத்தில் அவன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். உனக்காக நான் செய்த பாவம் அது. அப்பா மூன்று நாளாகக் காபிக்கடைக்குப் போகவில்லை, வீட்டிலேயே பகடைப் பலகையைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார்.

நேற்று அவள் வேலை செய்யும் புகையிலைக் கிடங்கு விட்டதும் வாசலிலேயே அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. கையிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டே, "அப்ப இன்னிலேர்ந்து நான் தனியா நடக்கணுமா அத்தை?" என்று கேட்டாள். உன்னைப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. அப்படியே கரைக்கு அழைத்துப் போனேன். முதல் காபிக்கடை வருமுன் அவளைக் கடைப்பக்கம் விட்டு நான் கடல்பக்கம் மாறிக்கொண்டேன். மருந்துக்கடைக்காரர் மனைவி எழுந்தே வந்து, "என்ன பொலிக்ஸேனி, பக்கம் மாறிட்டே?" என்றாள். "என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறேன்" என்றேன், எல்லார் காதிலும் விழும்படி.

மாதா உன்னைக் காக்கட்டும், உனக்கு வாய்த்தவளையும் காக்கட்டும், அவள்மேல் எனக்குக் கோபமில்லை. நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள். எவாந்தியாவுக்கு உன் கையாலேயே எழுது, மறக்காதே, இன்னொரு முறை உனக்காக நான் வாய் திறக்கமாட்டேன். என்றாவது மனைவியோடு ஊருக்கு வந்தால் கரைக்கு வாருங்கள். எங்களுக்குப் பின்னால்தான் நடக்கவேண்டியிருக்கும், என் பக்கத்தில் ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
பொலிக்ஸேனி