அரிசிப் பைக்குள் இருந்த காபரேட்டர்

என்றைக்கும் என் பக்கத்தில் இருக்கிற றோசா அக்காவுக்கு,

நீங்கள் கண் மூடிய பிறகு வந்த முதல் மடு மாதா கோயில் திருவிழா இது. உங்கள் மகள் ஜெனியோடு வந்து, அதே பாலை மரத்தடியில் கூடாரம் அடித்திருக்கிறோம். சமையல் அவள்தான். உங்கள் கைப்பக்குவம் இல்லை, ஆனாலும் சாப்பிடலாம்.

அந்த வருஷம் நினைவிருக்கிறதா? நம் ஊர் தாழ்வுபாட்டில் ஒரு படகு இஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு உங்களோடு வந்தேன். பழுது பிடிபடவில்லை. எந்தப் பள்ளிக்கூடமும் எனக்கு இஞ்சின் படிப்பிக்கவில்லை. சத்தத்தைக் கேட்டுக் கேட்டே தொழில் பிடித்தவன். பிடிபடாத ஒன்றை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. காபரேட்டரைத் துணியில் சுற்றி அரிசிப் பைக்குள் ஒளித்தேன். அடுத்த நாள் நீங்கள் அரிசி அள்ளியபோது அளவுச் சுண்டில் இடித்தது அதுதான். அரிசி முழுக்கப் பெற்றோல் மணம்.

"இதென்னடா தம்பி, குழம்புக்கோ பொரியலுக்கோ?"

"தாங்கோ அக்கா, பத்து நிமிசம்தான்."

"மாதாவிட்ட வந்து இதையோ கும்பிடப்போறாய்? தரமாட்டன். இனி தாழ்வுபாட்டிலதான் இதைக் காண்பாய்."

கூடாரமே சிரித்தது. இரண்டு நாள் நான் உங்களோடு பேசவில்லை. நீங்களும் இறங்கி வரவில்லை. அந்தப் பெற்றோல் சோற்றில் முதல் கோப்பையை எனக்கே போட்டீர்கள். மூன்றாம் நாள் மத்தியானம், செய்ய ஒன்றுமில்லாமல் மரத்தடியில் சரிந்தவன் பொழுது சாயும்வரை நித்திரை கொண்டேன். எத்தனை வருஷத்து நித்திரை அது? விழித்தபோது நீங்கள் பக்கத்தில் இருந்து பெட்டி மூடியால் என் முகத்தில் மொய்த்த இலையான் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். நன்றி என்று ஒரு சொல் நான் சொல்லவில்லை.

இன்றைக்குக் காலையில் யூட் தொலைபேசியில் கூப்பிட்டான். அவனுடைய இஞ்சினைத்தான் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"அண்ணை, எப்ப வாறியள்? திருவிழா முடிஞ்ச கையோட கடலுக்கு இறங்கோணும். டவுனில படிச்ச பெடியன் ஒருத்தன் இருக்கிறான், அவனிட்டக் குடுக்கட்டோ?"

படிச்ச பெடியன்! அந்தச் சொல் எனக்கு எங்கே குத்தும் என்று உங்களுக்குத் தெரியாததா? நான் பிரித்த இஞ்சினில் இதுவரை இன்னொருவன் ஸ்பானர் பட்டதில்லை. பஸ் பிடிக்க உடுப்புப் பையைக் கட்டினேன். ஜெனி மறிக்கவில்லை. உங்கள் சுண்டை எடுத்தவள், அரிசிப் பைக்குள் கையை விட்டு அடிவரை துழாவினாள்.

"என்னடி தேடுறாய்?"

"அம்மா கடைசியாச் சொன்னவ, மாமா வந்தால் சமைக்க முதல் பையைத் துழாவிப் பார் எண்டு."

கட்டின உடுப்புப் பையை இறக்கி வைத்துவிட்டேன் அக்கா. படுக்கையில் கிடந்தும் என் ஓய்வையா நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?

யூட்டைக் கூப்பிட்டேன். "குடு. அவனே பாக்கட்டும்."

"கோவமோ அண்ணை?"

"ஓம், கோவம்தான். ஆனா நான் இப்ப லீவு."

அந்தப் பெடியனை நான் ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவன் பூட்டின இஞ்சினின் சத்தத்தைப் போய்க் கேட்கத்தான் போகிறேன். அது நான் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு. இப்போது சாப்பாடு முடிந்துவிட்டது. மரத்தடியில் பாய் விரித்திருக்கிறாள். இலையான் ஓட்டத்தான் ஆள் இல்லை.

அன்றைக்குச் சொல்லாத நன்றியை இன்றைக்குச் சொல்லுகிறேன். அடுத்த வருஷமும் வருவேன். அரிசிப் பையை ஜெனியே கட்டட்டும். நான் கை வைக்கமாட்டேன்.

பெற்றோல் சோறு தின்ற
உங்கள் தம்பி,
மரியான்