வாழி இல்லாத கொழும்பு ஊஞ்சல்

சிவமயம்

ஏழாலை,
யுவ வருடம் ஆவணி மாதம்

அன்பு மகன் பஞ்சலிங்கத்துக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் துணையால் நானும் உன் ஐயாவும் தங்கச்சி பாலேஸ்வரியும் சுகம், உன்னையும் அவரே பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாக இருந்தேன், போன கிழமை வரைக்கும்.

சந்நிதித் திருவிழாவுக்குத் தொண்டைமானாற்றுக்குப் போயிருந்தோம். அங்கே குருநகர்ச் சந்தியோகு என்பவர் கொழும்பைப் பற்றிய புதுப்பாட்டென்று தாள் விற்றுக்கொண்டு நின்றார், சனம் சூழ்ந்து நின்று கேட்கிறது. வெள்ளவத்தைக் கடலோரம் ஓடீர் கோச்சி, பம்பலப்பிட்டித் தென்னைக்குள்ளால் ஓடீர் கோச்சி என்று, நாங்கள் சாமிக்கு ஆடீர் ஊஞ்சல் என்று பாடுகிற இடத்தில் எழுதினவன் றெயில் கோச்சியை ஓடவிட்டிருக்கிறான். தங்கச்சி சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன், ஆனால் மூன்றாம் அடியின் நடுவில் அந்த மனிதர் நின்று மூச்சு வாங்கினார். எங்கள் கோயிலில் ஊஞ்சல் பாடிய சீவரத்தினத்தார் தொய்வுக்காரர், அந்த இடத்தில் மூச்சு முட்டி நிற்பார், அதுதான் மெட்டென்று நினைத்து நீங்கள் எல்லாப் பிள்ளைகளும் அங்கேயே நிற்கப் பழகினீர்கள். வேறு எந்தக் கோயிலிலும் அப்படிப் பாடுவதில்லை. சந்தியோகு மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், எங்கள் கோயில் வாசலையே கண்டிராதவர், அவருக்குத் தொய்வும் இல்லை.

ஆர் எழுதினது என்று கேட்டேன். "ஆரோ கந்தோரிலை எழுத்து வேலை பாக்கிற தம்பி அம்மா, கொட்டாஞ்சேனையிலை என்ரை அக்கா வீட்டை வாறவர், பாடிக் காட்டினவர், பேர் போடவேண்டாம் எண்டவர்" என்றார். அக்காவுக்குப் பெண்பிள்ளைகள் உண்டோ என்றேன். "ஓம், ஒருத்தி, யோசப்பின். மிசினிலை சட்டை தைக்கிறவள்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாள்களை அடுக்கத் தொடங்கினார். கடைசி அடியில் கோச்சி கொட்டாஞ்சேனையில் தையல் மிசின் சத்தம் கேட்டு நிற்கிறது, தம்பி. கொட்டாஞ்சேனைக்குக் கோச்சிப் பாதையே இல்லை என்கிறார் உன் ஐயா. அதோடு, "கொழும்பிலை எங்கடை ஊர்ப் பெடியள் எத்தினை பேர், உனக்கு எல்லாத்திலையும் உன்ரை மோன்தான்" என்று என்னைப் பகிடியும் பண்ணுகிறார். எத்தனை பேரும் இருக்கட்டும். வெள்ளிதோறும் கதிரேசன் கோயிலுக்குப் போகிறேன் என்று எழுதுகிறாயே, அதுவும் கொட்டாஞ்சேனைப் பக்கந்தானே.

அவரிடம் இருந்த தாள்கள் எல்லாவற்றையும் வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்து வந்தேன், வீட்டுக் கணக்கில் அதை என்னவென்று எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. தாளை வாங்கலாம், அந்த மனிதரின் வாயை வாங்கலாமோ. இனிச் சாவகச்சேரிச் சந்தையிலும் பாடுவார். அந்த ஊரில் வழக்குப் பேசுகிற பிரக்கிராசியாரின் மகள் பத்மாவதியை உனக்குக் கேட்டிருக்கிறோம், ஐப்பசியில் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வர இருக்கிறார்கள். பத்மாவதியின் தாய் எங்கள் ஊரில் பிறந்தவ. அது எந்தக் கோயில் மூச்சென்று அவவுக்கும் தெரியும்.

இன்னுமொன்று. ஊஞ்சல் பாடினால் கடைசியில் பெயர் சொல்லி வாழி பாட வேண்டும். இந்தப் பாட்டில் வாழி இல்லை. மறதி என்று நான் நம்பவில்லை, பெயரைச் சொல்லப் பயந்து விட்டுவிட்டாய் என்றே சந்தேகம். ஆகையால் லீவு எடுத்துக்கொண்டு ஐப்பசிக்கு முந்தி வா, வந்து என் முன்னால் இருந்து அந்த வாழியைப் பாடு. பத்மாவதி என்று பாடினால் விளக்கேற்றுவேன். மற்றப் பெயர் என்றால் என்ன செய்வேன் என்று பிள்ளையாரிடமும் இன்னும் நான் சொல்லவில்லை. எந்தப் பெயரானாலும் அதை நான் உன் வாயால் கேட்க வேண்டும், சந்தையில் கேட்கக்கூடாது.

சனிக்கிழமையில் எண்ணெய் வைத்து முழுகு. விபூதி இதனுள் மடித்திருக்கிறேன், பூசிக்கொள். நோய் நொடியின்றி நல்ல புத்தியோடு இருக்க ஆசீர்வாதம்.

மறவாதே, இந்தக் கடுதாசி கண்டவுடன் சந்தியோகுவுக்கு எழுதி, மூன்றாம் அடியில் நில்லாமல் பாடச் சொல்லு.

இப்படிக்கு
உன் அம்மா
இரத்தினம்மா