சொத்தைக் கடை

தம்பிக்கு,

அன்புள்ள என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நலமா என்று மட்டும் கேட்கிறேன். நாங்கள் இருக்கிறோம்.

நீ போன் செய்தபோது உன் அண்ணனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சிக்னல் இல்லை என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகவே இருந்தது. போனில் பேசினால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், நானும் இளகிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கடைப் பை ஒன்று வீடு வந்து சேர்ந்தது. உன் கடைக்கு நம் காயை ஏற்றி வருகிற லாரி டிரைவர் பெருமையாகக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் உன் அண்ணன் படம், வாயெல்லாம் பல்லாக. போன தடவை வந்தபோது சும்மா ஒரு போட்டோ என்று எடுத்தாயே, அதே படம். அவர் தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் "சொத்தைக் கடை".

கோணல் காய், தழும்பு விழுந்த காய், இரட்டைக் கால் கேரட் எல்லாம் குப்பைக் குழிக்குப் போகாமல் நேரே சமைக்கிறவர்கள் கைக்குப் போகட்டும் என்று நீ சொன்னபோது முதலில் தலையாட்டியது நான்தான். நல்ல யோசனை, இப்போதும் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கோணல் வேறு, சொத்தை வேறு. கத்தரிக்காயைப் பிளந்து உள்ளே புழு இருந்தால்தான் சொத்தை. வளைந்திருந்தால் அது வெறும் வளைந்த காய். இந்த வீட்டுச் சோறு தின்று வளர்ந்த உனக்கா இது தெரியாது? டவுன் ஆட்களுக்குத் தமாஷாக இருக்கும், சிரித்துக்கொண்டே வாங்குவார்கள் என்று டிரைவரிடம் சொன்னாயாம். பை அவர்களோடு நின்றுவிடவில்லையே.

மண்டிக்காரர் கண்ணிலும் பட்டிருக்கிறது. முகம்தான் போட்டிருக்கிறதே, யாரென்று விசாரிக்கவா வேண்டும்? திங்கட்கிழமை உன் அண்ணன் நல்ல கத்தரிக்காயாகப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு போனார். மண்டிக்காரர் மூட்டையைப் பிரிக்கவே இல்லை. "உங்க சரக்கு சொத்தைன்னு நீங்களே பையில அடிச்சு விக்கிறீங்க, நான் எப்படிங்க வாங்குறது" என்றாராம். மூட்டை தூக்குகிறவர்கள் முதற்கொண்டு சிரித்திருக்கிறார்கள். அவ்வளவும் திரும்பி வந்து கொட்டகையில் சுருங்கிக்கொண்டிருக்கிறது. முன்பு கோணல் மட்டும் குழிக்குப் போனது. உன் புண்ணியத்தில் இப்போது நேரானதும் போகிறது. காய் வீணாகக் கூடாது என்று கிளம்பிய ஆள் நீ.

இனி இங்கிருந்து உனக்கு ஒரு காய்கூட வராது, டிரைவரிடம் சொல்லியாயிற்று. காய்த்து நிற்கிற செடியோடு உழுதுவிடப் போகிறேன் என்று உன் அண்ணன் டிராக்டருக்கும் சொல்லிவிட்டார். அடுத்த வெள்ளி வரை பொறுங்கள் என்று நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன். அதற்குள் கடைப் பெயர்ப் பலகையை இறக்கு. நேரில் மண்டிக்கு வந்து, நாலு பேர் முன்னால், அந்தப் பெயர் உன் வாய்க்கொழுப்பு என்று சொல். என்னிடம் வந்து விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதே.

அவர் உன்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். தாடி வளர்க்கிறார். ஏன் என்று கேட்டால் பிளேடு தீர்ந்துவிட்டது என்கிறார். பிளேடு அலமாரியில் கட்டாக இருக்கிறது.

கடை நன்றாக நடக்கட்டும், நீயும் நன்றாக இரு. வேறு பெயர் வைத்துக்கொள், வேறு படம் போட்டுக்கொள். அவர் முகத்தை மட்டும் அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடு.

இப்படிக்கு,
உன் அண்ணி